அடுப்புத் தரம்

அத்தியாயம் 6

மணிவண்ணனின் வாயில் சுங்கான் இருந்தது. அதில் நெருப்பு இல்லை, புகை இல்லை, புகையிலையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அதை வாயிலிருந்து எடுத்து, கண்ணை இடுக்கி, இல்லாத புகையை ஊதிவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்கு வந்தார்.

"சுங்கான்ங்கறது ஒரு தவம் மேடம்," என்றார்.

யமுனா தலையை ஆட்டிவைத்தாள். சேலத்தில் பதினாலு வருடமாகத் துப்பறியும் தொழில் செய்கிறவள். மாப்பிள்ளை விசாரிக்கப் போகும் வீடுகளில் இப்படிப்பட்ட ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறாள். பேசி முடிக்கும்வரை விட்டுவிட வேண்டும். நடுவில் புகுந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அவளுடைய உதவியாளன் விமல்ராஜுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாற்பது வயது, முன்னாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மலையேறும்போது வளைவுகளில் இரண்டு முறை காரை நிறுத்தச் சொல்லி ஓரமாக இறங்கியவன், முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. அவன் குனிந்து, "தவத்துல உக்காந்தவரு இன்னும் நெருப்பே மூட்டலீங்களே மேடம்," என்று அவள் காதோரம் முணுமுணுத்தான்.

மணிவண்ணனுக்கு அது கேட்கவில்லை. அவர் அப்போது தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் எட்டு வருடமாக மணிவண்ணனின் பட்டறை ஓடுகிறது. பட்டுப்போன காப்பிச் செடிகளின் வேர்க்கட்டையைக் கடைந்து, புகைபிடிக்கும் சுங்கான் செய்கிறார்கள்; ஆங்கிலத்தில் பைப். இருபத்திரண்டு பேருக்கு வேலை. அத்தனையும் கப்பலில் ஜெர்மனிக்குப் போகிறது. ஒன்பது நாட்களுக்கு முன்னால் பதினெட்டுப் பெட்டிகள் லாரியில் இறங்கின. அதில் ஏழாம் எண் பெட்டியில் பன்னிரண்டே சுங்கான்கள். பட்டறையில் மூத்த கைக்காரரான சுப்பையன் ஒன்றரை வருடம் உட்கார்ந்து செதுக்கியவை. விற்பனைக்கு இல்லை. அங்கே நடக்கும் ஒரு கண்காட்சிக்கு, சுப்பையன் பெயரிலேயே போக வேண்டியவை.

வாங்கும் கம்பெனிக்குச் சென்னையில் ஏஜென்டாக இருக்கும் ராதிகா, அன்று மாலையே சேலம் கிடங்கில் வைத்து அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். பன்னிரண்டு துணிப்பைகளிலும் குப்பை இருந்தது. சுங்கான் வடிவத்தில் இருந்த குப்பை. அவள் கைவைக்கும்வரை பெட்டியின் ஒட்டுப்பட்டையோ எங்கும் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. தரம் பிரித்துக் கட்டும் கண்ணாயியின் கையெழுத்துச் சீட்டு அதன்மேல் ஒட்டியபடியே இருந்தது.

மணிவண்ணன் அன்றைக்கே பட்டறை நடுவில் நின்று, அத்தனை பேர் முன்னிலையிலும் கண்ணாயியைத் திருடி என்றார். போலீசில் புகார் கொடுத்தார். நாளைக் காலைக்குள் வேறு விவரம் வராவிட்டால் கண்ணாயியைக் கைது செய்ய வேண்டியிருக்கும் என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார். ராதிகாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆகவேதான் யமுனா மலையேறி வந்திருந்தாள்.

அவள் சேலத்திலிருந்து கொண்டுவந்த ஏழாம் பெட்டியை மணிவண்ணனின் மேஜைமேல் வைத்துத் திறந்து, உள்ளே இருப்பதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டாள்.

மணிவண்ணன் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மற்றவற்றை ஒரு பார்வை பார்த்து, பன்னிரண்டும் மூன்றாம் தரம் என்று தீர்ப்புச் சொன்னார். முதல் தரத்தை எடுத்து ஒளித்துவிட்டு மூன்றாம் தரத்தை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறாள், எட்டு வருடம் கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள் என்றார்.

"நிச்சயமா மூணாம் தரமுங்களா?" என்று யமுனா கேட்டாள்.

"கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன் மேடம்."

வெளியே வரும்போது விமல்ராஜ், அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தபோதும் அப்படித்தான் சொன்னார் என்று ஞாபகப்படுத்தினான்.

பட்டறையில் சுப்பையன் தன் இடத்தில் உட்கார்ந்து, புகையிலை அடைக்கும் சுங்கான் கிண்ணம் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். யமுனா தன்னை யாரென்று சொன்னபோது கை நின்றது, தலை நிமிரவில்லை. பன்னிரண்டையும் கண்ணாயியின் கையில்தான் கொடுத்தேன் என்றார். அவள் எடுத்திருப்பாள் என்று நம்புகிறாரா என்று கேட்டதற்குக் கிண்ணத்தில் விழுந்த மரத்தூளை ஊதித் தள்ளினார். பிறகு, பெட்டியைக் கட்டியவள் அவள்தானே என்றார். ஒன்பது நாளாக அவர் கண்ணாயியின் வீட்டுப் பக்கம் போகவில்லை. வழியில் பார்த்தபோதும் பேசவில்லை. எட்டு வருடம் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்தவர்கள்.

விமல்ராஜின் சந்தேகம் சுப்பையன்மேல் விழுந்தது. தான் செதுக்கியதைத் தானே எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கலாமே என்றான். யமுனா அதை மறுக்கவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாயியை என்றாள்.

கண்ணாயியின் வீடு பட்டறையிலிருந்து அரைமணி நேர நடை. வாசலில் சாக்கு விரித்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. வந்தவர்களை வாங்க என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை. போலீஸ் ஜீப் வந்து திரும்பியபிறகு பக்கத்து வீட்டார் இந்த வாசல் வழியாகப் போவதையே விட்டுவிட்டார்கள் என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

யமுனா பெட்டியை அவள் முன்னால் வைத்தாள்.

கண்ணாயி ஒரு சுங்கானை எடுத்து வாய்க்குழலில் வாயை வைத்து ஊதினாள். விரலால் கிண்ணத்தின் உள்பக்கம் தடவினாள். இடதுபுறம் போட்டாள். அடுத்ததை எடுத்தாள், ஊதினாள், வலதுபுறம் போட்டாள். அவள் கண் அவற்றின்மேல் அதிகம் பதியவேயில்லை. மூன்றே நிமிடத்தில் சாக்கின்மேல் மூன்று குவியல்கள் இருந்தன.

"திருடின்னு சொன்னதைக்கூட விடுங்க அம்மிணி," என்றாள். "இந்தக் கருமாந்திரத்தை நான் கட்டி அனுப்புனேன்னு சொன்னாங்க பாருங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். மரத்தில் ஒரு குழிகூட இல்லாமல் இருந்தால் முதல் தரம். குண்டூசிக் குழி ஒன்றிரண்டு இருந்தால் இரண்டாம் தரம். பெரிய குழியில் மரத்தூளையும் பசையையும் குழைத்து மக்கு வைத்து அடைத்திருந்தால் மூன்றாம் தரம். துளையே கோணலாகப் போய்க் கிண்ணத்தோடு சேராவிட்டால், ஊதினால் காற்று வராது. அதைப் பட்டறைப் பின்பக்கம் டீ கொதிக்கிற அடுப்பில் போடுவார்கள். அதுதான் அடுப்புத் தரம்.

அவள் முன்னால் இருந்த குவியல்களில் இரண்டாம் தரம் இரண்டு, மூன்றாம் தரம் நான்கு, அடுப்பு ஆறு.

"இதைப் போட்டவனுக்குத் தரம்னா என்னன்னே தெரியாதுங்க. கையில கெடச்சதை அள்ளிப் போட்டிருக்கான். நான் திருடியிருந்தா ஒரே தரத்துல பன்னெண்டு வெச்சிருப்பேன். சரக்கு பாக்கறவங்களுக்குன்னு ஒரு மரியாதை இருக்குதில்ல."

யமுனா முதன்முறையாகச் சிரித்தாள். பன்னிரண்டும் மூன்றாம் தரம் என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை. முதலாளிக்குத் தரம் தெரியாது என்பது கேலிக்குத்தான் உதவும். எஸ்.ஐ.யின் மேஜையில் வைக்க வேறு ஏதாவது வேண்டும்.

பெட்டி கட்டிய நாளைப் பற்றிக் கேட்டாள். கண்ணாயி மறைக்காமல் சொன்னாள். காலையில் பன்னிரண்டையும் ஊதிப் பார்த்து, துணிப்பையில் போட்டு, பெட்டியில் அடுக்கினாள். மூடியை ஒட்டாமல் பட்டறைப் பின்பக்கம் சாப்பிடப் போனாள். அரைமணி நேரம் அறை திறந்தே கிடந்தது. திரும்பி வந்து பைகளை எண்ணினாள், பிரித்துப் பார்க்கவில்லை, ஒட்டிவிட்டாள். தன்மேல் உள்ள தப்பு அது ஒன்றுதான் என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தழைந்தது.

சரக்குக்கான படிவத்தையும் அவள்தான் எழுதுவாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். பட்டறை தொடங்கிய வருடம் யாரோ எழுதிய படிவத்தில் புகையிலை என்ற வார்த்தை வந்துவிட, ஒரு லோடு நாலு மாதம் துறைமுகத்தில் கிடந்து பூசணம் பூத்தது. அதற்கப்புறம் அவளே ராதிகாவிடம் கேட்டு, சரக்கு எந்த வகையில் சேரும் என்பதற்கான ஆங்கில வரியை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்தாள். புகைபிடிக்கும் மரச் சுங்கான், வாய்க்குழலுடன், புதியது, புகையிலை இல்லை. கிண்ணம் தனியாகப் போனால் வேறு வரி எழுத வேண்டும். வாய்க்குழல் மட்டும் போனால் அதற்கும் வேறு. இதில் ஒரு சொல் விட்டால்கூடச் சரக்கு எங்கேயாவது மாட்டிக்கொண்டு நிற்கும் என்றாள்.

பட்டறையில் தரம் தெரியாதவர்கள் யாராவது உண்டா என்று விமல்ராஜ் கேட்டான். கூட்டுகிற பொம்பளைக்குக்கூடத் தெரியும் என்று கண்ணாயி சொன்னாள். அப்படியானால் வெளியாள் என்றான் விமல்ராஜ். அந்த அரைமணி நேரத்தில் அங்கே இருந்த வெளியாள் லாரி டிரைவர் சின்னுசாமி ஒருவன்தான். அவன் இறங்கும் வழியில் முள்ளுக்குறிச்சியில் முக்கால் மணி நேரம் வண்டியை நிறுத்தியதாகச் சேலம் கிடங்கில் சொல்லியிருந்தார்கள்.

"டீ குடிக்க முக்கால் மணி நேரமா மேடம்? பால் கறந்து, காய்ச்சி, ஆத்திக் குடிச்சாலே அவ்வளவு ஆகாதுங்க," என்றான்.

அவர்கள் மலையிறங்கினார்கள். இந்த முறை விமல்ராஜ் ஒரே ஒரு தடவைதான் காரை நிறுத்தச் சொன்னான்.

சின்னுசாமி முள்ளுக்குறிச்சியில் தன் வீட்டுப் பக்கம் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். துப்பறிகிறவர்கள் என்றதும் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. விமல்ராஜின் முகத்தில் வெற்றி தெரிந்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. சின்னுசாமி பயந்தது லாரிக்கு எஃப்.சி. தகுதிச் சான்று முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது என்பதற்காக. அதைத் தானாகவே ஒப்புக்கொண்டு, இனி ஓட்டமாட்டேன் என்று சத்தியமும் செய்தான்.

யமுனா பொறுமையாக அந்த முக்கால் மணி நேரத்துக்கு வந்தாள். பார்சல் ஆபீசில் கூட்டம், அதனால் தாமதம் என்றான் அவன்.

"பார்சல் ஆபீசுல உனக்கு என்ன வேலை?"

"மொதலாளி ஒரு பொட்டி குடுத்தாருங்க மேடம், அங்க போட்டுட்டுப் போன்னு. சின்னப் பொட்டிதானுங்க. என்னன்னு கேட்டேன், பைப்புன்னாரு. தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சறதாட்ட இருக்குதுன்னு நானும் போட்டுட்டேன்."

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று விமல்ராஜ் கடுப்பாகக் கேட்டான். என்னை யாரும் கேட்கவில்லையே என்றான் சின்னுசாமி. அது உண்மைதான். ஒன்பது நாளாக எல்லாரும் கண்ணாயியை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பார்சல் ஆபீஸ் ஒற்றை அறை. சுவரோரம் தோட்டங்களுக்குப் போகிற பிளாஸ்டிக் குழாய்க் கட்டுகள் அடுக்கியிருந்தன. கார்த்தி என்ற கிளார்க் பதிவேட்டைப் புரட்டவில்லை. மணிவண்ணன் என்று கேட்டதுமே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அந்தப் பைப்பு ஆளுங்களா நீங்க? நல்லவேளை வந்தீங்க. அதோட விட்டம் என்னங்க?"

குழாய்க் கட்டுகளுக்கு நடுவே கையைவிட்டு ஒன்றரை அடிப் பெட்டி ஒன்றை இழுத்தான். சென்னையில் ஒரு விமானச் சரக்கு ஏஜென்டின் முகவரி. அனுப்புபவர் மணிவண்ணன். படிவத்தில் பொருளின் விவரம் கேட்ட இடத்தில் பெரிய கம்பீரமான எழுத்தில் 'பைப் - 12' என்று மட்டும் இருந்தது. அந்த ஆபீசில் பைப் என்றால் நீளமும் விட்டமும் எழுதியாக வேண்டும். அப்போதுதான் எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியும், கட்டணம் போட முடியும். கேட்பதற்குப் போன் செய்யலாமென்றால் அனுப்பியவர் எண்ணில் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டார். ஆகவே பெட்டி குழாய் வரிசையிலேயே தங்கிவிட்டது.

"ஒன்றரை அடிப் பொட்டிக்குள்ள பன்னெண்டு பைப்பு எப்படிப் போச்சுன்னு நானும் ஒன்பது நாளா யோசிச்சிட்டே இருக்கறேனுங்க," என்றான் கார்த்தி.

விமல்ராஜ் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான். சிரிப்பு அடங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

யமுனா படிவத்தை இரண்டு முறை படித்தாள். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட மணிவண்ணன் தன் சரக்குக்குத் தானே படிவம் எழுதியதில்லை. எழுதத் தெரிந்தவளை நம்பாமல், அவளுக்குத் தெரியாமல் ஒரே ஒரு படிவம் எழுதினார். அது மலையடிவாரத்தைக்கூடத் தாண்டவில்லை. இவர் சரக்கை மாற்றியதைக்கூட யமுனாவால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இவ்வளவு மோசமாக மாற்றியதைத்தான் முடியவில்லை.

பெட்டியை அவளிடம் கொடுக்க முடியாது என்று கார்த்தி சொன்னான். சரியான விவரம் இல்லாத பார்சலை அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம், அதற்கு விதி உண்டு. அப்படியே செய்யலாம் என்றாள் யமுனா. காரில் கார்த்திக்கும் பெட்டிக்கும் இடம் இருந்தது. புறப்படும் முன் எஸ்.ஐ.க்கும் ராதிகாவுக்கும் போன் செய்து ஐந்தைந்து நிமிடம் பேசினாள். வழியில் கண்ணாயியையும் ஏற்றிக்கொண்டாள். கண்ணாயி வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். குழாய் வரிசைக் கதையைக் கேட்டபிறகு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பட்டறையில் அப்போது நாலு மணி டீ. எல்லாரும் டம்ளரோடு நின்றிருந்தார்கள். கண்ணாயி உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். சுப்பையன் டம்ளரைப் பார்த்துக்கொண்டார்.

மணிவண்ணன் அறையிலிருந்து வேகமாக வந்தார். திருடியை எதற்கு உள்ளே அழைத்து வந்தீர்கள் என்று ஆரம்பித்தார். யமுனா அவர் முடிக்கும்வரை நின்றாள். முடிந்ததும், ஒரு சின்ன உதவி என்றாள். விமல்ராஜ் தீப்பெட்டியையும் ஒரு பொட்டலம் புகையிலையையும் நீட்டினான்.

"காலையில தவம்னு சொன்னீங்க சார். நாங்க யாரும் பாத்ததில்லை. ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுங்க," என்றான்.

இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் அவமானம். மணிவண்ணன் புகையிலையை அடைத்தார், குச்சியைக் கிழித்தார், இழுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போனது. நெருப்பு மேலே கருகி அணைந்தது. மறுபடி கிழித்தார். மூன்றாவது குச்சியில் அவர் முகம்தான் சிவந்தது, சுங்கான் பற்றவில்லை.

"அது அடுப்புச் சுங்கானுங்க," என்றாள் கண்ணாயி. "தொளை சேராது. ரெண்டு வருசமா வாயில வெச்சிருக்கறாரு. மனசு நோவுமேன்னு நாங்க யாரும் சொல்லல."

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

காலையில் பன்னிரண்டும் மூன்றாம் தரம் என்று அவர் சொன்னதை யமுனா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஏழாம் பெட்டியைப் பிரித்து ஆறு அடுப்புச் சுங்கான்களை மேஜையில் வரிசையாக வைத்தாள். இந்தப் பட்டறையில் மூன்றாம் தரத்துக்கும் விறகுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே ஆள் யார் என்பதை இனி தான் சொல்ல வேண்டியதில்லை என்றாள். மணிவண்ணன் கோபமாக வாயைத் திறந்தார். அந்த நேரம் கார்த்தி பெட்டியோடு முன்னால் வந்தான்.

"சார், உங்க பைப்போட விட்டம் எழுதாம விட்டுட்டீங்க. அதனால திரும்பிருச்சுங்க. பிரிச்சுப் பாத்து, பொருள் சரியா இருக்குதுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

மணிவண்ணன் நாற்காலியைத் தேடினார். பக்கத்தில் எதுவும் இல்லை. தன் சொந்தப் பொருள், பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றார். விதி அப்படியில்லை என்றான் கார்த்தி. அவனுக்கு ஒன்பது நாள் தலைவலி தீர வேண்டியிருந்தது. அவனே பிரித்தான்.

பழைய போர்வைத் துணி ஒன்றில் பன்னிரண்டு சுங்கான்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. மேலே ஒரு கெட்டி அட்டை. மணிவண்ணன் வாயில் சுங்கானோடு மலையைப் பார்த்து நிற்கும் வண்ணப் படம். கீழே அச்சடித்த எழுத்தில்: 'செதுக்கியவர், மணிவண்ணன்.'

திருட்டென்றால் விற்கத்தான் என்று விமல்ராஜ் நினைத்திருந்தான். வழியெல்லாம் யமுனாவும் அப்படித்தான் நினைத்தாள். அட்டையைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு விளங்கியது. சுப்பையனின் பெட்டி தொலைந்துபோக வேண்டும். அதே சுங்கான்கள் வேறு வழியில், வேறு பெயரில் கண்காட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். சுப்பையன் ஜெர்மனிக்குப் போய்ப் பார்க்கப் போவதில்லை. உளி பிடிக்கத் தெரியாத ஒரு மனிதருக்குக் கலைஞர் என்று பெயர் வாங்கும் ஆசை. அதற்காக ஒரு பெண் சிறைக்குப் போனாலும் பரவாயில்லை.

சுப்பையன் டம்ளரை வைத்துவிட்டு வந்து அட்டையை எடுத்தார். படிக்கத் தெரிந்தவர்தான். இரண்டு முறை படித்தார். அதே இடத்தில் வைத்தார்.

மணிவண்ணனுக்கு அதற்குள் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. மரம் தன்னுடையது, பட்டறை தன்னுடையது, கூலி கொடுத்தது தான், தன் பொருளைத் தானே எடுத்தால் திருட்டாகுமா என்று கேட்டார்.

"ஆகாதுங்க," என்றாள் யமுனா. "திருட்டே நடக்கல. அப்ப போலீசுல நீங்க எழுதிக் கொடுத்தது என்னங்க?"

பொய்ப் புகாருக்கு என்ன வழக்கு என்பதை நேரில் சொல்வதாக எஸ்.ஐ. போனில் சொன்னார் என்றும், ஆறு மணிக்குள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார் என்றும் தெரிவித்தாள். கப்பலுக்குச் சரக்கு நாளை மறுநாள் போகிறது, அந்தச் சுங்கான்கள் சுப்பையன் பெயரில் வரவில்லையென்றால் இனி இந்தப் பட்டறையிலிருந்து ஒரு சுங்கான்கூட வாங்கப்போவதில்லை என்பது ராதிகா சொல்லி அனுப்பிய செய்தி.

மணிவண்ணன் கண்ணாயி பக்கம் திரும்பி, நடந்தது நடந்துபோச்சு என்று குரலைத் தாழ்த்தி ஏதோ தொடங்கினார்.

"அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கறாப்ல சொன்னீங்க மொதலாளி. இன்னிக்கும் அப்படியே சொல்லுங்க," என்றாள் கண்ணாயி.

கண்ணாயி திருடவில்லை என்று மணிவண்ணன் சொன்னார். கடைசி வரிசையிலிருந்து கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு முறை சொன்னார். காலையில் தவம் என்று சொன்னபோது இருந்த கம்பீரம் குரலில் இல்லை.

கண்ணாயி கட்டும் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். போர்வைத் துணியை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக எறிந்தாள். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து ஊதினாள், தடவினாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எட்டாவதில் அவள் கை நின்றது. மற்றொன்றோடு உரசி, கழுத்தில் முடி இழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதைத் தனியே வைத்தாள்.

இவ்வளவு சின்னதை அங்கே யார் பார்க்கப் போகிறார்கள், பன்னிரண்டாகவே போகட்டும் என்றார் மணிவண்ணன். கண்ணாயி அவர் பக்கம் திரும்பவே இல்லை. சுப்பையனைப் பார்த்தாள். அவர் அந்தச் சுங்கானை வாங்கி நகத்தால் விரிசலைத் தொட்டார். வேண்டாம் என்று தலையசைத்தார். பதினொன்றைத் துணிப்பைகளில் போட்டு அடுக்கினாள்.

பிறகு ஒரு படிவத்தையும் பேனாவையும் மணிவண்ணன் முன்னால் தள்ளினாள். அவர் புரியாமல் நின்றார். நீங்களே எழுதுங்க என்றாள். எழுத்துக்கு எழுத்து அவள் சொல்ல, ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைப் போலக் குனிந்து எழுதினார். புகைபிடிக்கும் மரச் சுங்கான். வாய்க்குழலுடன். புதியது. புகையிலை இல்லை. எண்ணிக்கை பதினொன்று. செய்தவர் பெயர் கேட்ட கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது. கண்ணாயி காத்திருந்தாள். அவர் சுப்பையன் என்று எழுதினார்.

கார்த்தி தன் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். மணிவண்ணன் விமல்ராஜோடு காரில் ஏறினார், ஸ்டேஷன் வரைக்கும். வளைவில் எனக்கு வாந்தி வரும், நீங்கள் ஜன்னலோரம் உட்காராதீர்கள் என்று விமல்ராஜ் அவரிடம் சொல்வது யமுனாவுக்குக் கேட்டது.

அவள் தன் பையை எடுக்கத் திரும்பி வந்தாள். பட்டறை மறுபடி வேலைக்குத் திரும்பியிருந்தது. சுப்பையன் மட்டும் கட்டும் மேஜை ஓரம் நின்றுகொண்டிருந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்தபடி இருந்தார்.

"கண்ணாயி, நான் அன்னைக்கு..." என்று தொடங்கினார்.

"நாளைக்கு வேலைக்கு வாரேன் சுப்பையண்ணா. ஆனா பேச மாட்டேன்," என்றாள் அவள், பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே. "நீங்க ஒம்போது நாள் பேசல. எனக்கும் ஒம்போது நாள் ஆவும்."

சுப்பையன் சரி என்று தலையாட்டினார். அவள் எதிரே இருந்த தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, ஒட்டுப்பட்டையை ஒரே அளவாக வெட்டி வெட்டி, அவள் நீட்டிய கையில் கொடுக்கத் தொடங்கினார்.